மணிக்கட்டு வலிக்கு எண்ணெய் மட்டும் போதாது

2011-இல் மத்தளம்பாறைக்கு ஜோஹோ வந்தது. இன்று நம் தென்காசியிலும் பல வீடுகளில் நாள் முழுக்க லேப்டாப்தான். கை வலித்தால் எண்ணெய் தேய்த்துக் குற்றால அருவியில் நிற்கிறோம், இதமாகத்தான் இருக்கும். மறுநாள் அதே கட்டிலில் குனிந்து உட்கார்ந்தால் வலி திரும்பிவிடும்.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒன்றாக இருப்பதுதான் சிக்கல். தாழ்வாக வைத்தால் கழுத்து குனியும்; உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். எனவே நாலு புத்தகத்தை அடுக்கி லேப்டாப்பை அதன்மேல் வையுங்கள். கீபோர்டு, மவுஸ் தனியாக வாங்குங்கள். மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரவில் மரத்துப்போகிறதா? மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதாக இருக்கலாம். கையிலிருந்து டம்ளர் நழுவும்வரை காத்திருக்காதீர்கள்; உடனே மருத்துவரைப் பாருங்கள்.