ஒரே அறையில் மூன்று நாட்டார்

1529-ஆம் ஆண்டு, பாரிஸ் நகரம். சாந்த் பார்ப் கல்லூரியில் ஓர் அறை. சவோய் மலைநாட்டில் ஆடு மேய்த்து வளர்ந்த பீட்டர் ஃபேபரும், நவார் நாட்டுக் கோட்டையில் பிறந்த பிரான்சிஸ் சவேரியாரும் அங்கே தங்கிப் படித்தார்கள். புதிதாக வந்து சேர்ந்தவர் பாஸ்க் நாட்டு இஞ்ஞாசியார்.

இவர் 1521-இல் பாம்ப்லோனா கோட்டையைக் காத்து நின்றபோது பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தவர். அந்தப் போரில் எதிரணியில் இருந்தவர்கள் யார் தெரியுமா? சவேரியாரின் அண்ணன்மார்! அப்படிப்பட்டவரோடு ஒரே அறையில் இருப்பது லேசான காரியமா? சவேரியார் வெகுகாலம் பிடிகொடுக்கவில்லை. ஃபேபரோ இஞ்ஞாசியாருக்குத் தத்துவப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் ஆன்மிக வழி கேட்டுக்கொண்டார்.

கடைசியில் சவேரியாரும் இணங்க, 1534 ஆகஸ்ட் 15 அன்று இந்த மூவரோடு காஸ்டிலியர், போர்த்துக்கீசியரும் சேர்ந்து ஏழு பேர் மோன்மார்த்ர் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். 1539-இல் ரோமில் கூடியபோது, தாங்கள் வெவ்வேறு நாட்டார், கருத்திலும் வேறுபட்டவர்கள் என்பதை ஒளிக்காமல் எழுதிவைத்தார்கள். ஆனாலும் கடவுள் சேர்த்துவைத்ததைப் பிரிக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். மறு ஆண்டே அவர்கள் உருவாக்கிய இயேசு சபைக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது.

நம் முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்தாரே, அதே சவேரியார்தான் பின்னாளில் தோழர்களின் கையெழுத்துகளைக் கடிதங்களிலிருந்து வெட்டியெடுத்துக் கழுத்தில் அணிந்திருந்தார்.

விடுதியிலோ துறவற இல்லத்திலோ இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் அவர் ஊரைப் பற்றி இன்றைக்கே கேளுங்கள்.