வராதவரும் தவறியவரும் ஒன்றல்ல

(கணினி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



தேர்வுக்கு வராத மாணவருக்கு நாம் பூஜ்யம் போடுவதில்லை; 'வரவில்லை' என்றே குறிக்கிறோம். ஷெல் ஸ்கிரிப்ட் எழுதும்போது இதே வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. இன்று அதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

லினக்ஸ் ஆய்வகத்தில், நம் மேசையிலிருந்தே மற்றக் கணினிகளுக்குக் கட்டளை அனுப்ப எஸ்.எஸ்.ஹெச். பயன்படுகிறது. பின்லாந்தைச் சேர்ந்த டாட்டு யூலோனென் 1995இல் இதை உருவாக்கினார். 20 கணினிகளில் மாணவர்களின் செய்முறைக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என வைத்துக்கொள்வோம். 'கோப்பு இருந்தால் நகல் எடு. இல்லையேல் ஒப்படைக்கவில்லை என்று பதிவு செய்' என்று 'இஃப்', 'எல்ஸ்' கொண்டு எழுதுகிறோம். பார்வைக்குச் சரியாகவே இருக்கும்.

ஷெல்லில் ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணைத் தரும். 0 என்றால் வெற்றி. வேறு எந்த எண்ணும் தோல்வி. கோப்பு இல்லாவிட்டால் 'டெஸ்ட்' கட்டளை 1 தரும். அந்தக் கணினியையே தொடர்புகொள்ள முடியாவிட்டால் எஸ்.எஸ்.ஹெச். 255 தரும். 'இஃப்' இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காது. இரண்டையும் 'எல்ஸ்' பக்கம் தள்ளிவிடும். ஆகவே, கேபிள் கழன்ற கணினியில் வேலையை முடித்து வைத்திருக்கும் பிள்ளையும் 'ஒப்படைக்கவில்லை' பட்டியலில் சேர்ந்துவிடுவார். அவருடைய செய்முறை மதிப்பெண் போய்விடும்.

இதற்கு வழி எளிது. எஸ்.எஸ்.ஹெச். வரிக்கு அடுத்த வரியிலேயே $? என்பதில் உள்ள எண்ணை ஒரு மாறியில் சேமியுங்கள். இடையில் ஓர் 'எக்கோ' வந்தாலும் அந்த எண் மாறிவிடும். பிறகு 0, 1, மற்றவை என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றாவது பட்டியலுக்கு 'நேரில் பார்க்க வேண்டியவை' என்று பெயரிடுங்கள்.

இன்னும் மூன்று இடங்களையும் கவனியுங்கள்.

ஒன்று, [ என்ற சதுர அடைப்புக்குறி வெறும் குறியன்று, அதுவே ஒரு கட்டளை. அதன் பின்னும், ] குறிக்கு முன்னும் இடைவெளி விடாவிட்டால் பிழை வரும்.

இரண்டு, மேற்கோள் குறி. அனுப்பும் கட்டளையை இரட்டை மேற்கோளில் எழுதினால், அதிலுள்ள மாறியின் மதிப்பு நம் கணினியிலேயே நிரப்பப்பட்டுவிடும். கணினியின் பெயரைக் கேட்டால், 20 கணினிகளும் நம் கணினியின் பெயரையே சொல்லும். ஒற்றை மேற்கோளில் எழுதினால், மதிப்பு அந்தந்தக் கணினியில் நிரப்பப்படும்.

மூன்று, கணினிப் பட்டியலை 'வைல் ரீட்' கொண்டு வரிவரியாகப் படிக்கும்போது, முதல் கணினியோடு வேலை நின்றுவிடலாம். பட்டியலின் மீதி வரிகளை எஸ்.எஸ்.ஹெச். தன் உள்ளீடாக எடுத்துக்கொள்வதே காரணம். எஸ்.எஸ்.ஹெச். உடன் -என் (சிறிய எழுத்து) சேர்த்தால் சரியாகிவிடும்.

எங்கே தவறு என்று புரியாதபோது ஸ்கிரிப்டை 'பாஷ் -எக்ஸ்' கொண்டு இயக்குங்கள். ஒவ்வொரு கட்டளையும், மாறிகளுக்கு மதிப்பு நிரம்பிய வடிவில், இயங்குவதற்கு முன் திரையில் தெரியும். மாணவர்களையும் அந்த வரிகளைப் படித்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முதலில் இரண்டே கணினிகளில் சோதியுங்கள். அவற்றில் ஒன்றை வேண்டுமென்றே அணைத்து வையுங்கள். அணைந்த கணினி எந்தப் பட்டியலில் வருகிறது என்று பார்த்த பிறகே மதிப்பெண் பதிவேட்டைத் திறங்கள்.