காவல் மரமும் பரிவட்டமும்

(ராசிபுரம் பகுதி இளைஞர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழங்கால ரோமின் கோவில்காடும் சடங்கு அரசனும் என்று தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் ஒரு தோழர் சிரித்தார். நியாயமான சிரிப்புதான். நோம்பிக்குப் பூச்சாட்ட இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. இந்த ஆண்டு கோவிலுக்குள் போவதா வேண்டாமா என்று நம் தெருவில் தினமும் பேச்சு நடக்கிறது. இந்த நேரத்தில் இவன் ரோமைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று தோன்றும். ரோமுக்குப் போய்விட்டு எட்டரை மணி பஸ்ஸுக்குள் ஊர் திரும்பிவிடலாம், கவலைப்படாதீர்கள்.

முதலில் எங்கள் அப்பாயி கதை. எங்கள் ஊர் எல்லையில் முனியப்பன் காடு இருக்கிறது. புளி, இலுப்பை, வேம்பு, பெயர் தெரியாத முள்மரங்கள். அந்தக் காட்டில் சுள்ளி ஒடிக்கக்கூடாது, ஒடித்தால் முனி அடிக்கும் என்பார்கள். அப்பாயி ஒருநாள் காற்றில் விழுந்து கிடந்த ஒரு காய்ந்த புளியங்கிளையை இழுத்து வந்துவிட்டார். அன்று வீட்டில் அடுப்பெரிக்க ஒன்றுமில்லை. முனி அடிக்கவில்லை. ஊர்க் கூட்டம் அடித்தது. தண்டம் கட்டச் சொல்லி, பெரியதனக்காரர் வீட்டு வாசலில் விழுந்து கும்பிட வைத்தார்கள். என் அப்பாவுக்கு அப்போது பத்து வயது. கடைசிவரை இதை அவர் கோபமாகச் சொல்லிக் கேட்டதில்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

அதே காட்டின் மேற்குப் பக்கம் இன்று மரவள்ளி வயலாக இருக்கிறது. வருடத்துக்கு ஒரு வரப்பு என்று நகர்ந்து நகர்ந்து, மரத்தை வெட்டி, ஆழ்துளைக் கிணறும் போட்டாகிவிட்டது. அங்கேயும் முனி அடிக்கவில்லை.

இனி ரோமுக்குப் போவோம். ரோம் நகருக்குத் தென்கிழக்கே நெமி என்று ஓர் ஏரி. அதன் கரையில் தியானா என்ற பெண் தெய்வத்தின் சோலை. அந்தச் சோலைக்கு ஒரு பூசாரி உண்டு; அவனுக்குப் பட்டம் 'காட்டின் அரசன்'. அவன் பட்டத்துக்கு வரும் முறைதான் விநோதம். தப்பியோடிவந்த அடிமை ஒருவன் அந்தச் சோலையின் மரத்தில் ஒரு கிளையை ஒடித்துவிட்டால், இருக்கிற பூசாரியோடு மோதும் உரிமை அவனுக்குக் கிடைக்கும். கொன்றுவிட்டால் அவனே அடுத்த அரசன். அதற்குப் பிறகு அவனும் கையில் வாளோடு அடுத்த அடிமை எப்போது வருவானோ என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கலிகுலா என்ற பேரரசன், நெமியின் அரசன் ரொம்ப நாளாக உயிரோடு இருக்கிறானே என்று, அவனைவிட வலுவான ஒருவனை ஏவிவிட்டதாக சுவேட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார்.

ஜேம்ஸ் பிரேசர் என்ற அறிஞர் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு 1890-ல் 'பொற்கிளை' என்ற பொருள்படும் தலைப்பில் இரண்டு தொகுதிகள் எழுதினார். பிறகு அது பன்னிரண்டாக வளர்ந்தது. அரசன் உடம்பில் நாட்டின் செழிப்பு குடியிருக்கிறது, அவன் தளர்ந்தால் மண்ணும் தளரும், அதனால் கிழவனைக் கொன்று இளையவனை அமர்த்துகிறார்கள் என்பது அவருடைய விளக்கம். உலகம் முழுவதிலிருந்தும் சடங்குகளைத் திரட்டி அதில் அடைத்தார். பிற்கால அறிஞர்கள் இந்த விளக்கத்தைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. எனக்கு அவரிடம் உள்ள குறை வேறு. அந்தப் பூசாரி ஏன் அடிமையாகவே இருக்க வேண்டும்? பிரேசர் மரத்தைப் பார்த்த அளவுக்கு அடிமையைப் பார்க்கவில்லை. ஓடிவந்த அடிமைக்கு ரோமில் ஒதுங்க இடமில்லை. காட்டில் ஓர் இடம் உண்டு, அரசன் என்ற பெயரும் உண்டு, அதற்கு விலை இன்னொரு அடிமையின் கழுத்து. நிலமும் படையும் அடிமைச் சந்தையும் ஆண்டைகளிடமே இருக்கும்.

நம் பக்கம் இப்படி ஒன்று உண்டா? தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில், திருவாரூர்த் திருவிழாவில் பறையர் தலைவர் ஒருவர் சாமியோடு யானைமேல் ஏறிச் சாமரம் பிடிக்கும் வழக்கம் பதிவாகியிருக்கிறது. சென்னையில் அம்மனுக்குத் தாலி கட்டும் உரிமை பறையருக்கு இருந்ததையும் அது சொல்கிறது. இதைக் காட்டி, பாருங்கள், உங்களுக்கும் மரியாதை இருந்ததே என்று சொல்பவர்கள் உண்டு. யானையிலிருந்து இறங்கிய மறுநாள் அவர் எந்தத் தெருவில் நடக்க முடிந்தது என்று நாம் கேட்க வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் வேறொரு கோணத்தில் கேட்டார்: இது எப்போதோ இவர்களுக்கு உரிமையாக இருந்த இடத்தின் மிச்சமா? பூர்வ பௌத்தர் என்ற அவருடைய வாதத்தை முழுதாக ஏற்காதவர்களும் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபட்டு வந்த சிலை புத்தர் சிலைதான் என்று தொல்லியல் துறை அறிக்கை கொடுத்து, 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இடத்தைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கச் சொன்னதை மறந்துவிடாதீர்கள். நம் மாவட்டங்களில் முனியப்பன் கோவில் இல்லாத ஊர் குறைவு. எல்லாம் புத்தர் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். ஒரு சாமியின் வரலாறு தலத்தில் விற்கும் புத்தகத்தோடு முடிவதில்லை என்றுதான் சொல்கிறேன்.

மரத்துக்கு வருவோம். சங்க கால அரசர்களுக்கும் காவல் மரம் இருந்தது. பகையரசனின் காவல் மரத்தை வெட்டுவதும் அதில் தன் யானையைக் கட்டுவதும் வெற்றியின் அடையாளம். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பை வெட்டி அந்தக் கட்டையில் முரசு செய்துகொண்டான். செங்குட்டுவன் மோகூர்ப் பழையனின் வேம்பை வெட்டினான். இதையெல்லாம் பள்ளியில் வீரம் என்று படித்தோம். நன்னன் கதையைப் படித்தோமா? அவனுடைய காவல் மாமரத்தின் காய் ஒன்று ஆற்றில் மிதந்து வந்தது. குளிக்கப் போன ஒரு பெண் அதை எடுத்துத் தின்றுவிட்டாள். எண்பத்தொரு யானைகளும் அவள் எடைக்குப் பொன்னால் செய்த பாவையும் தருகிறோம் என்று அவளுடைய ஆட்கள் கேட்டும் நன்னன் விடவில்லை, கொன்றுவிட்டான். பரணர் குறுந்தொகையில் இதைச் சொல்லி அவனைச் சபிக்கிறார். இதைப் படித்த அன்று எனக்கு அப்பாயி ஞாபகம்தான் வந்தது. அவரும் கீழே கிடந்ததைத்தான் எடுத்தார். எங்கள் வீட்டில் யானை இல்லாததால் தண்டத்தோடு போயிற்று.

பக்கத்துத் தகடூரை, அதாவது தருமபுரியை, வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசு கட்டிலில் மோசிகீரனார் அறியாமல் படுத்துத் தூங்கிவிட்டார். படுத்தவனை வெட்டுவது வழக்கம். அரசன் வெட்டாமல் விசிறி வீசினானாம். புலவருக்குக் கிடைத்த சலுகை அது. மாட்டுத்தோல் போர்த்திய முரசுக்கு மெத்தை போட்டுக் கட்டில். அந்தத் தோலைப் பதப்படுத்தியவன் எங்கே படுத்தான் என்று எந்தப் பாடப்புத்தகமும் கேட்டதில்லை. ஆண்டுதோறும் ஆடியில் கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்ததும் அதே சங்கப் பாட்டில்தான் இருக்கிறது. தமிழரின் பொற்காலம் என்று மேடையில் முழங்குகிற நம் தோழர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

ரோமர்கள் கி.மு. 509-ல் அரசர்களைத் துரத்திவிட்டுக் குடியரசு அமைத்தார்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. ஆனால் சில பூசைகளை அரசன்தான் செய்ய வேண்டும் என்று இருந்தது. அரசன் போய்விட்டானே, சாமி கோபித்துக்கொண்டால்? அதற்காகவே 'சடங்குகளின் அரசன்' என்று ஒரு பதவி வைத்தார்கள். பெயரில் மட்டும் அரசன். வேறு எந்த அரசுப் பதவிக்கும் வரக்கூடாது. பிப்ரவரி 24 அன்று மன்றத்தில் பலி கொடுத்துவிட்டு அங்கிருந்து ஓட வேண்டும்; அந்த நாளுக்கே அரசன் ஓட்டம் என்று பெயர். ஒன்றைக் கவனியுங்கள். அதிகாரமே இல்லாத அந்தப் பதவிக்கும் பத்ரீசியர் என்ற மேற்குடியில் பிறந்தவர்தான் வரலாம்.

மற்றப் பூசாரிப் பதவிகளுக்காகப் பிளேபியர் என்ற சாதாரணக் குடிகள் சண்டை போட்டார்கள். கி.மு. 300-ல் ஒகுல்னியச் சட்டம் வந்தது; தலைமைப் பூசாரிகள் குழுவில் நான்கு, சகுனம் பார்ப்போர் குழுவில் ஐந்து இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. பரம்பரைதான் தகுதி, நீங்கள் தொட்டால் தீட்டு என்பதுதான் எதிர்த்தரப்பு. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இங்கே பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970-ல் சட்டத் திருத்தம் வந்தது, 1972-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, 2006-ல் மறுபடி சட்டம். பயிற்சி முடித்த பிள்ளைகளுக்குப் பணி ஆணை கைக்கு வர 2021 ஆகஸ்டு ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் வழக்கு ஓயவில்லை.

ஓடுகிற அரசன் நம் ஊரிலும் இருக்கிறான். ஆனால் ஓடுவதில்லை, பரிவட்டம் கட்டிக்கொண்டு நிற்கிறான். சேலம் சீமை 1792-ல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. 1802-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊர்களை மிட்டா மிட்டாவாகக் கட்டி ஏலம் விட்டார்கள். ஏலத்தில் எடுத்தவர் மிட்டாதார். ஆண்ட பரம்பரை என்று பிளக்ஸ் அடிப்பவர்கள் இந்த ஏலத்தைப் பற்றி ஒரு வரி போடலாம். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து மிட்டாவும் போனது. வரி வாங்கும் உரிமை போன பின்பும் தலையில் கட்டும் துணி போகவில்லை. புதுக்கோட்டை அரசைப் பற்றி நிக்கோலஸ் டர்க்ஸ் 1987-ல் எழுதிய நூலின் தலைப்பையே 'உள்ளீடற்ற மகுடம்' என்று தமிழாக்கலாம். மகுடத்துக்குள் ஒன்றும் இல்லை என்பதால்தான் அதை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நோம்பியில் கம்பம் நடுவது நமக்கெல்லாம் தெரியும். மூன்று கவையுள்ள கிளையை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, மாரியம்மன் முன்னால் நட்டு, அதைத்தான் அவள் புருஷன் என்கிறோம். நோம்பி முடிந்ததும் பிடுங்கிக் கிணற்றிலோ ஆற்றிலோ விடுகிறோம். பிரேசர் பார்த்திருந்தால் இன்னொரு தொகுதி எழுதியிருப்பார். எங்கள் ஊரில் அந்தக் கிளையை வெட்டப் போகும்போது முன்னால் தப்பு அடித்துப் போனவர் என் அப்பா. மரத்தடி வரை அடிக்கலாம். கம்பம் கோவிலுக்குள் போனதும் வாசலில் நின்றுவிட வேண்டும். அம்மனின் புருஷனை அழைத்துவந்தவருக்குக் கல்யாண வீட்டுக்குள் இடமில்லை. அடித்ததற்குக் கூலியாக அரிசியும் ஆட்டின் ஒரு பாகமும் கொடுத்துவிட்டு, நீங்கள் அடிக்காமல் நோம்பியே இல்லை என்று முதுகில் தட்டுவார்கள்.

இப்போது நம் தெருவில் உள்ள சண்டை. இந்த ஆண்டு அமைதிக் கூட்டத்தில், ஒருநாள் நீங்கள் தனியாக வந்து கும்பிட்டுவிட்டுப் போங்கள், பரிவட்டம் மட்டும் கேட்காதீர்கள் என்று பேசியிருக்கிறார்கள். இளைஞர்களில் பாதிப் பேர் எங்களுக்கும் பரிவட்டம் கட்டு என்கிறார்கள். மீதிப் பேர், அந்தத் துணியே வேண்டாம், கோவிலே வேண்டாம் என்கிறார்கள். நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். ஆனாலும் உள்ளே போவதை விட்டுக்கொடுக்கக்கூடாது என்பது என் கருத்து. 1947-லேயே இந்த மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்துவிட்டது. தனிநாள் என்பது அந்தச் சட்டத்தைப் பின்வாசல் வழியாக விரட்டுவது. அவர்களோடு அதே நாளில், அதே வரிசையில் போவோம். பரிவட்டம் வேறு விஷயம். நமக்கும் ஒன்று கட்டினால், யார் தலையில் முதலில் கட்டுவது என்று நம் தெருவுக்குள்ளேயே இரண்டு வீடு முறைத்துக்கொள்ளும். நெமியில் அடிமைகளுக்குள் நடந்தது அதுதான். அந்தத் துணியை யாருக்கும் கட்டாதே என்று கேட்பதுதான் சரி.

இன்னொன்றையும் கேட்க வேண்டும், அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. காடு. திண்டுக்கல் பக்கம் காசம்பட்டிக் கோவில்காட்டை 2025-ல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. நல்ல செய்திதான். பத்திரிகைகள், பயபக்தியால் முன்னோர் காத்த காடு என்று கோவில்காடுகளைப் பற்றி எழுதுகின்றன. யாருடைய பயம் என்று எழுதுவதில்லை. எங்கள் முனியப்பன் காட்டில் புளி ஏலம் வருடா வருடம் நடக்கிறது. நம் தெருவிலிருந்து ஒருவரும் இதுவரை ஏலம் கேட்டதில்லை, கேட்கவிட்டதும் இல்லை. சுள்ளிக்குத் தண்டம் கட்டிய வீட்டுக்கு அந்தக் காட்டில் என்ன பங்கு என்று கணக்குப் பார்க்கலாம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டு, அ-பதிவேடும் புலப்பட நகலும் வாங்கிவிட்டேன். பதிவேட்டில் கோவில் புறம்போக்கு என்றுதான் இருக்கிறது, மரவள்ளி வயலையும் சேர்த்து. நகல் இதோ மேசைமேல் இருக்கிறது, போகும்போது பாருங்கள். திங்கட்கிழமை நாமக்கல்லில் ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறோம்: காட்டை அளந்து கல் நட வேண்டும், புளி ஏலத்தைப் பொதுவில் நடத்த வேண்டும் என்று. காலை ஏழரை பஸ். அளவை நாளன்று சங்கிலி பிடிக்கும்போது பக்கத்தில் நிற்க நான்கைந்து பேர் வேண்டும், பெயர் கொடுங்கள். அப்பா தப்போடு வருகிறேன் என்கிறார். வேண்டாம், சும்மா வாங்க என்று சொல்லியிருக்கிறேன்.