வீட்டுக்கும் வண்டிக்கும் டார்ச் விளக்கு: குறைந்த செலவில் சரியான தேர்வு

(குறுவள மைய அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஆசிரியர்களுக்குப் பயன்படும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுங்கள் என்றார் நமது ஒருங்கிணைப்பாளர். நான் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டேன். ஊரில் பேட்டரி லைட் என்போமே, அதேதான். "கையில்தான் செல்பேசி இருக்கிறதே, டார்ச் எதற்கு?" என்று சிலர் சிரிக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கும் பதில் சொல்கிறேன்.

நம்மில் பலர் இருபது, முப்பது கிலோமீட்டர் வண்டியில் வந்து போகிறவர்கள். கார்த்திகை மாதத்தில் மாலை ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. தேர்தல் பணிக்கு முந்தைய நாள் முன்பின் தெரியாத ஊர்ப் பள்ளியில் இரவு தங்குகிறோம். புயல் வந்தால் நம் பள்ளியே நிவாரண முகாம் ஆகிறது. எனவே விளக்கு நமக்குப் பணிக்கருவியும்கூட.

நல்ல டார்ச் எது? பெட்டியில் பெரிய எண் போட்டிருப்பது அல்ல. தேவைப்படும் இடத்தில், தேவையான நேரம் வரை எரிவதே நல்ல டார்ச். கடைக்குப் போகும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்? எவ்வளவு நேரம் எரிய வேண்டும்? மின்சாரமே இல்லாவிட்டால் எப்படி எரியும்?

முதலில் தூரம். எட்டாம் வகுப்பு அளவீட்டியல் பாடத்தில் கேண்டிலாவும் லுமெனும் வருகின்றன. விளக்கு எல்லாத் திசையிலும் மொத்தமாகக் கொட்டும் ஒளியைச் சொல்வது லுமென். ஒரு திசையில் அது எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்பதைச் சொல்வது கேண்டிலா. குழாயிலிருந்து வரும் தண்ணீரின் அளவு லுமென் என்றால், குழாய் வாயை விரலால் அழுத்திப் பீய்ச்சும் வேகத்தைக் கேண்டிலா என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே 200 லுமென் உள்ள இரண்டு டார்ச்சுகளில் ஒன்று அறை முழுவதும் பரவலாக வெளிச்சம் தரும். மற்றொன்று நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள தென்னை மரத்தைக் காட்டும்.

டார்ச்சுகளை அளக்க ஆன்சி எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தரம் 2009இல் வந்தது. தரமான தயாரிப்புகள் சில அதன்படி அளந்து பெட்டியில் அச்சிடுகின்றன. அதில் "தூரம் 100 மீட்டர்" என்றால், அந்தத் தொலைவில் வெளிச்சம் 0.25 லக்ஸ், அதாவது ஏறக்குறைய முழுநிலவு வெளிச்சம் அளவுக்குக் குறைந்திருக்கும் என்று பொருள். அங்கே ஆள் நிற்பது தெரியலாம், முகம் தெரியாது. இதற்கு வேண்டிய ஒளிச்செறிவு 2,500 கேண்டிலா. 200 மீட்டர் வேண்டுமானால் 5,000 போதாது, 10,000 கேண்டிலா வேண்டும். தொலைவு இரண்டு மடங்கானால் செறிவு நான்கு மடங்காக வேண்டும் என்பது எதிர்விகித வர்க்க விதி. பாடத்தில் கரும்பலகையில் எழுதும் விதி, கடையில் பணத்தைக் காப்பாற்றுகிறது.

வீட்டுக்குள் நடக்க 20 முதல் 50 லுமென் தாராளம். அதற்கு மேல் போனால் கண் கூசும். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரு நொடி பளீர் வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். ஆகவே குறைந்த ஒளி நிலையும் உள்ள டார்ச்சாக வாங்குங்கள். கொல்லைப்புறத்துக்கும் வரப்புக்கும் 100 முதல் 200 லுமென் போதும். வண்டி பழுதானால் டயரையும் இன்ஜினையும் பார்க்கவும் இதே அளவு போதும்.

அப்படியானால் சந்தைத் தெருவில் "1,00,000 லுமென்" என்று விற்கிறார்களே? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் எல்இடி ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லுமென் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் லுமெனுக்கு 1,000 வாட் வேண்டும். அது இஸ்திரிப் பெட்டியின் மின்திறன்! கையில் பிடிக்க முடியுமா? அந்த டார்ச்சுக்குள் இருப்பது பெரும்பாலும் 18650 என்ற ஒற்றை லித்தியம் அயனி செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். 3.7 வோல்ட், 2,500 மில்லி ஆம்பியர் மணி என்றால் அதில் உள்ள ஆற்றல் 9.25 வாட் மணி. 1,000 வாட் எடுத்தால் 33 விநாடியில் தீர்ந்துவிடும். அதே செல் 200 லுமென் விளக்கை நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிக்கும். இந்தக் கணக்கை ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுங்கள். விளம்பரத்தை எப்படிப் படிப்பது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

செல்லிலும் இதே கதை உண்டு. 18650 அளவில் நல்ல செல்லே ஏறத்தாழ 3,500 மில்லி ஆம்பியர் மணிதான் கொள்ளும். 9,900 என்று அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டாம். நல்ல செல்லின் எடை 45 கிராம் அளவில் இருக்கும். நம் ஆய்வகத் தராசில் வைத்தால் வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

இரண்டாவது, நேரம். பெட்டியில் "10 மணி நேரம்" என்று இருந்தால் பத்து மணி நேரமும் ஒரே வெளிச்சம் என்று நினைக்கக் கூடாது. அதே எஃப்எல்1 தரப்படி, ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எண்ணுகிறார்கள். வாங்கியதும் ஒரு மாலை எரியவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை சுவரில் விழும் ஒளியைப் பார்த்து எழுதுங்கள். அது நான்காம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய சோதனை.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமானது. மின்சாரம் இல்லாவிட்டால்?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. எங்கள் பள்ளியில் முகாம் நடந்தது. முதல் இரவு எல்லோர் கையிலும் செல்பேசி வெளிச்சம் இருந்தது. இரண்டாம் நாள் மாலைக்குள் அநேகமாக எல்லாம் அணைந்துவிட்டன. சொந்த பந்தங்களுக்குத் தகவல் சொல்லவும் வழியில்லை. சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றும் பெரிய டார்ச்சுகள் சில வந்தன. அவையும் ஒரே இரவுதான். மூன்றாம் இரவு வேலை செய்தது ஒரு பாட்டி கொண்டுவந்த இரண்டு கட்டை டார்ச். மளிகைக் கடையில் செல் கிடைத்தது, போட்டதும் எரிந்தது. வகுப்பறையிலிருந்து கழிவறை நாற்பது அடி தூரம். வழியெல்லாம் விழுந்த கிளைகளும் தேங்கிய தண்ணீரும். பெண்களும் பிள்ளைகளும் ஆறேழு பேராகச் சேர்ந்து, அந்த ஒரு விளக்கை முன்னால் பிடித்துக்கொண்டு போய்வந்தார்கள். விளக்கு திரும்பி வரும் வரை அடுத்த குழு வாசலில் காத்திருந்தது. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் இரவில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். ஒரு டார்ச்சின் விலை என்ன, அது இல்லாததன் விலை என்ன என்பதை அந்த முகாமில் பார்த்தேன்.

அதனால் என் முதல் விதி: வீட்டில் ஒரு டார்ச் சார்ஜ் ஏற்றுவதாக இருக்கட்டும், இன்னொன்று கடையில் கிடைக்கும் செல்லில் எரிவதாக இருக்கட்டும். செல்பேசியைப் பேசுவதற்கு மிச்சம் பிடியுங்கள். 108க்கு அழைக்க வேண்டிய நேரத்தில் அதன் மின்னூட்டம் வெளிச்சத்துக்குச் செலவாகி இருக்கக் கூடாது. முன்பு சிரித்த நண்பர்களுக்கு இதுதான் பதில்.

இனி பணம். ஒரு குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். என் பங்கீடு இது. பென்சில் செல் இரண்டில் எரியும் சிறிய எல்இடி டார்ச்சுக்கும் ஒரு செட் அல்கலைன் செல்லுக்கும் 250 ரூபாய். யூஎஸ்பி வழியே சார்ஜ் ஏறும் லித்தியம் டார்ச்சுக்கு 450 ரூபாய். இதைப் பவர் பேங்கிலும் வண்டியிலும் சார்ஜ் ஏற்றலாம். நெற்றியில் கட்டும் விளக்குக்கு 300 ரூபாய். ஊருக்கு ஊர் விலை மாறும்; பங்கீட்டின் முறையைப் பாருங்கள். ஆயிரத்துக்கும் ஒரே பெரிய டார்ச்சாக வாங்கினால், அது அப்பா கையில் இருக்கும்போது அம்மா இருட்டில் நிற்பார்.

சுவரில் செருகும் மலிவான டார்ச்சுகளில் பலவற்றில் 4 வோல்ட் ஈய அமில பேட்டரி இருக்கிறது. தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி செத்துவிடும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். புதிதாக வாங்குவோர் தவிர்க்கலாம்.

சாதாரண கார்பன் செல் மலிவு. ஆனால் தீர்ந்ததும் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். அல்கலைனும் கசியக்கூடியதே. எப்போதாவது எடுக்கும் டார்ச்சில் செல்லை வெளியே எடுத்து, டார்ச்சோடு ஒரே பையில் போட்டு வையுங்கள். பழைய செல்லோடு புதிய செல்லைக் கலக்காதீர்கள். தொடரிணைப்பில் வலுவிழந்த செல் முதலில் தீர்ந்து, மற்ற செல்லின் மின்னோட்டம் அதன் வழியே கட்டாயமாகப் பாயும். கசிவு அங்கேதான் தொடங்கும்.

மழையில் பயன்பட வேண்டுமானால் ஐபிஎக்ஸ்4 என்ற குறி தெறிப்புக்குத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். மழையில் டார்ச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் துளிகளில் பட்ட ஒளி கண்ணிலேயே திரும்பும். இடுப்பளவில் பிடித்துக் காலடியைப் பாருங்கள்.

அடுத்தது வண்டி. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸையும் தொடலாம். இருசக்கர வண்டியின் இருக்கைப் பெட்டியும் கொதிக்கும். லித்தியம் அயனி செல்லுக்கு அது ஆகாது. ஆகவே லித்தியம் டார்ச் உங்கள் தோள்பையில் பயணிக்கட்டும். வண்டியிலேயே கிடக்கும் விளக்கு பென்சில் செல் போடுவதாக இருக்கட்டும். செல்லைத் தனியே வைத்து ஆண்டுக்கு ஒருமுறை, பருவமழைக்கு முன் மாற்றுங்கள். காரில் டார்ச்சை டிக்கியில் போடாதீர்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

பஞ்சர் ஒட்டவோ ஸ்டெப்னி மாற்றவோ இரண்டு கையும் வேண்டும். வாயில் கவ்விக்கொண்டு வேலை பார்க்கிறோமே, அதற்குத்தான் நெற்றி விளக்கு. அடியில் காந்தம் உள்ள டார்ச் இரும்புத் தகட்டில் ஒட்டும். பிளாஸ்டிக் பாகத்தில் ஒட்டாது. எல்லாவற்றுக்கும் முன் வண்டியைச் சாலை ஓரம் ஒதுக்கி, நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, முக்கோண எச்சரிக்கைப் பலகையைப் பின்னால் தள்ளி வையுங்கள். டார்ச்சை எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணில் அடிக்காதீர்கள்.

வீட்டில் டார்ச்சுக்கு ஓர் ஆணி, ஓர் இடம். தரையில் படுப்பவர்கள் தலைமாட்டில் ஒன்று. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு; கடித்தால் பெரிதாக வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. கால் வைக்கும் முன் வெளிச்சம் விழுந்தால் பெரும்பாலான ஆபத்தைத் தவிர்க்கலாம். பிள்ளைகளிடம் பிரார்த்தனைக் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள்: இரவில் முற்றத்தில் இறங்கினால் முதலில் விளக்கு, பிறகு கால்.

மூன்று எச்சரிக்கைகள். சாவிக்கொத்து விளக்குகளில் உள்ள பொத்தான் செல்லைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகலாம். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். உப்பிய லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றாதீர்கள். சமையல் எரிவாயு வாடை அடித்தால் அங்கே டார்ச்சின் பொத்தானையும் அழுத்த வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, சன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்கு அழையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரும் சனிக்கிழமை உங்கள் வீட்டு டார்ச்சுகளை எல்லாம் எடுத்து எரியவிட்டுப் பாருங்கள். எரியாதவற்றுக்குச் செல் மாற்றுங்கள். திங்கட்கிழமை பள்ளி அலுவலக அறையில் இருப்பதையும் பாருங்கள். முகாம் நடக்க வாய்ப்புள்ள பள்ளிகளில் பென்சில் செல் டார்ச் நான்காவது இருக்கட்டும். அதில் ஒன்று பெண்கள் கழிவறைப் பாதைக்கு என்று எழுதியே வையுங்கள்.