வந்தவர் சமைத்த ஊர்ச்சுவை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. எனக்கு முன் பேசிய அன்பர் அம்மரபைச் சிறப்புறக் காத்தார். என்னிடம் செயலாளர் அவர்கள், "மகள் வீட்டிற்கு அமெரிக்கா சென்று வந்தவராயிற்றே, அந்நாட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள்" என்று பணித்தார். வானளாவும் கட்டடங்களைப் பற்றியும் நயாகரா அருவியைப் பற்றியும் சொல்லப் பலர் இருக்கின்றனர். நான் எடுத்துக்கொண்டது, அந்நாட்டுச் சாலையோரங்களில் 'ஹாட் டாக்' விற்கும் சிறு உண்டிச்சாலைகளின் கதை. அதற்குக் காரணம் உண்டு. இவ்விழாவின் சிற்றுண்டிக் கடையில் பனீர் தோசை இடம்பெறலாமா, கூடாதா என்று நம் செயற்குழுவில் இரண்டு கூட்டங்கள் வாதம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அந்த வழக்கிற்குச் சாட்சி சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் புலால் உண்ணாதவன். ஹாட் டாக் என்பது, இறைச்சியை அரைத்து, மசாலா சேர்த்து, மெல்லிய குழல் போன்ற உறையில் அடைத்துச் செய்த சாஸேஜை, நீண்ட பன்னின் நடுவே வைத்துத் தருவது. சில ஊர்களில் அது மாட்டிறைச்சி. சில ஊர்களில் பன்றி இறைச்சியும் கலந்தது. ஆகவே அங்குச் செல்வோர் கேட்டறிந்து உண்பது நலம். நான் சென்ற இடங்களில் என் மாப்பிள்ளை உண்டார். நான் பார்த்தேன், விசாரித்தேன், சுவரில் எழுதியிருந்ததை எல்லாம் வாசித்தேன். பசித்திருப்பவனுக்குப் படிக்க நேரம் மிகுதி அல்லவா?

இதனை அமெரிக்காவின் தேசிய உணவு என்பர். ஆயினும் இதன் பழம்பெயர்களைப் பாருங்கள். ஒன்று 'ஃபிராங்ஃபர்ட்டர்', அது ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்தான். மற்றொன்று 'வீனர்', அது வியன்னா நகரத்தான். பெயரிலேயே பிறந்த ஊரைச் சுமந்துகொண்டு கப்பலேறி வந்த பண்டம் இது.

நியூயார்க் நகரின் தென்கோடியில், கடற்கரையில், கோனி ஐலண்ட் என்னும் இடம் இருக்கிறது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் சார்லஸ் ஃபெல்ட்மன் என்னும் ஜெர்மானியர் தள்ளுவண்டியில் இதனை விற்கத் தொடங்கி, பிற்காலத்தில் மாளிகை போன்றதோர் உணவகமே அமைத்தார். அவரிடம் வேலை பார்த்தவர்களுள் ஒருவர், போலந்திலிருந்து வந்த நேதன் ஹாண்ட்வெர்க்கர் என்னும் யூத இளைஞர். சேமித்த சிறு தொகையைக் கொண்டு 1916-ஆம் ஆண்டில் அதே வட்டாரத்தில் தமக்கென ஒரு கடை வைத்தார். முதலாளி 10 சென்ட்டுக்கு விற்றதை இவர் 5 சென்ட்டுக்கு விற்றார். இத்துணை மலிவான பண்டம் நல்லதாக இருக்குமா என்று மக்கள் ஐயுற்றபோது, வெள்ளை அங்கி அணிந்த சிலரைக் கடை முன் நின்று உண்ணச் செய்தாராம். மருத்துவர்களே உண்கின்றனர் என்று எண்ணி மக்கள் திரண்டார்களாம். ஃபெல்ட்மனின் மாளிகை 1954-இல் மூடப்பட்டது. 'நேதன்ஸ்' அதே முனையில் இன்றும் நிற்கிறது. 2012-இல் வீசிய சாண்டி புயலில் சேதமுற்றும், மறு ஆண்டே மீண்டும் திறந்தது.

இனி, கடலே இல்லாத ஓர் ஊருக்குச் செல்வோம். மோட்டார் தொழிலுக்குப் பெயர்பெற்ற டெட்ராய்ட் நகரில், 'கோனி ஐலண்ட்' என்று பலகை மாட்டிய கடைகளைத் தெருவுக்குத் தெரு காணலாம். கடற்கரைக்கும் இவ்வூருக்கும் என்ன உறவு என்று வியந்தேன். நியூயார்க் துறைமுகம் வழியாக நாட்டிற்குள் வந்த கிரேக்கர்கள், அங்குக் கண்ட பண்டத்தின் பெயரைத் தம்முடன் கொண்டுவந்தனர் என்பர். பெயரைத்தான் கொண்டுவந்தார்களே அன்றி, சுவையைத் தாமே ஆக்கினார்கள். கொத்திய இறைச்சியில் மசாலாக்கள் சேர்த்துக் குழம்பு போலக் காய்ச்சி சாஸேஜின்மேல் ஊற்றி, கடுகு விழுது தடவி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைத் தூவுகின்றனர்.

1917-இல் கெரோஸ் என்னும் கிரேக்கக் குடும்பத்தார் நகரின் நடுவே 'அமெரிக்கன் கோனி ஐலண்ட்' கடையை நிறுவினர். பின்னர், உடன்பிறந்தார் ஒருவர் அடுத்த வாசலிலேயே 'லஃபாயெட் கோனி ஐலண்ட்' கடையைத் தொடங்கினார். ஒரே சுவரின் இருபுறமும் இரண்டு கடைகள்! எது சிறந்தது என்பது அவ்வூர்க் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வழக்கு. தந்தை ஒரு வாசலிலும் தனயன் மறு வாசலிலும் நுழைவதுண்டாம். லஃபாயெட்டில் பரிமாறுவோர் ஒரே கையில் தட்டுகளை வரிசையாக அடுக்கி ஏந்திவருவது, நம் கல்யாணப் பந்திப் பரிமாறுவோரை எனக்கு நினைவூட்டியது. நான் எக்கட்சியையும் சாராதவன். வெங்காய மணம் இரு கடையிலும் ஒன்றே.

மூன்றாவது சிகாகோ. 1893-இல் அங்கு நடைபெற்ற உலகக் கண்காட்சியில்தான் சுவாமி விவேகானந்தர் கலந்துகொண்ட சர்வ சமய மாநாடும் கூடியது. அதே கண்காட்சியில், ஆஸ்திரிய-ஹங்கேரி நாட்டிலிருந்து வந்த எமில் ரைக்கல், சாமுவேல் லடானி என்னும் இருவர் சாஸேஜ் விற்றனர். அவர்கள் தொடங்கிய 'வியன்னா பீஃப்' நிறுவனமே இன்றளவும் அந்நகரக் கடைகள் பலவற்றிற்குச் சரக்களிக்கிறது. பின்னர் 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் மக்கள் கையில் காசில்லை. அந்நாட்களில்தான், சில காசுக்கு வாங்கும் பண்டமே ஒரு வேளை உணவாகும்படி காய்கறிகளை அடுக்கித் தரும் வழக்கம் வேரூன்றியது என்பர். கசகசா தூவிய பன், மஞ்சள் கடுகு விழுது, வெங்காயம், தக்காளித் துண்டுகள், வெள்ளரி ஊறுகாய், பசுமை நிறத்துத் துவையல் ஒன்று, ஊறவைத்த சிறு மிளகாய், செலரி உப்பு ஆகியவை அதன் அங்கங்கள்.

இவற்றுள் நம் வீட்டு அடுக்களைக்கு அந்நியமானது எது? ஆகவே ஒரு கடையில் துணிந்து, "சாஸேஜ் மட்டும் வேண்டாம், மற்றவை எல்லாம் வேண்டும்" என்றேன். விற்ற பையன் என்னையும் என் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, ஒரு பொருளையும் விடாமல் நேர்த்தியாக அடுக்கித் தந்தான். நன்றாகவே இருந்தது. ஆனால் தக்காளி சாஸ் கேட்டபோதுதான் அவன் முகம் மாறியது. ஹாட் டாக்கின்மேல் தக்காளி சாஸ் ஊற்றுவதை அவ்வூரார் பெரும் பிழையாகக் கருதுகின்றனர். 'ஜீன் அண்ட் ஜூட்ஸ்' என்னும் பழங்கடையில் அதனை வைத்திருப்பதே இல்லை. வந்தவர் ஆக்கிய பண்டத்திற்கு, ஊரார் வகுத்த ஆசாரம் இது!

அந்நகரிலேயே 'சூப்பர்டாக்' என்றொரு கடை உண்டு. போரிலிருந்து திரும்பிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மாரி பெர்மனும், பள்ளி ஆசிரியையான அவர் மனைவி ஃப்ளாரியும் 1948-இல் கோடைக்கால வருவாய்க்கென அதனைத் தொடங்கினர். கூரையின்மேல் ஆணும் பெண்ணுமாக இரண்டு பெரிய ஹாட் டாக் பொம்மைகள் நிற்கின்றன. அவற்றின் பெயர்கள் அத்தம்பதியரின் பெயரை ஒட்டியவையே. காரில் அமர்ந்தபடியே கேட்டால் உணவைக் காருக்கே கொண்டுவந்து தருகின்றனர்.

டூசான் நகருக்கு நான் செல்லவில்லை. எனினும் அதனை விட்டுவிட மனமில்லை. மெக்சிகோ எல்லைக்கு அருகிலுள்ள அந்நகரில், சொனோரா மாநிலத்திலிருந்து வந்த டேனியல் கொன்ட்ரேராஸ் 1993-இல் ஒரு சிறு வண்டியில் வணிகம் தொடங்கினார். அவருடைய 'எல் குவேரோ கனேலோ' கடையில், பன்றி இறைச்சிச் சீவலால் சுற்றிய சாஸேஜை மெக்சிகோ ரொட்டியில் வைத்து, வேகவைத்த பயறும் தக்காளியும் மிளகாய்ச் சாந்தும் சேர்க்கின்றனர். 2018-இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை, அமெரிக்காவின் மரபார்ந்த உணவகங்களுக்கு அளிக்கும் விருதினை அக்கடைக்கு அளித்தது. எல்லை கடந்து வந்த சுவை, அமெரிக்க மரபாகிவிட்டது.

இறுதியாக, நம்மைப் போன்ற தலைநகர்வாசிகளின் ஊராகிய வாஷிங்டன். அங்கே யூ தெருவில் 'பென்ஸ் சில்லி பௌல்' இருக்கிறது. 1958-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அதனை நிறுவியவர், டிரினிடாட் தீவில் இந்திய வழிக் குடும்பத்தில் பிறந்த பென் அலி என்பவரும், அவர் மணந்த வர்ஜீனியா என்னும் அம்மையாரும். பழைய ஊமைப்படக் கொட்டகைக் கட்டடம் ஒன்றில், கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரத்தில், 'ஹாஃப் ஸ்மோக்' என்னும் அவ்வூர் சாஸேஜை விற்றனர்.

1968 ஏப்ரல் 4-ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். துயரமும் சினமும் மூண்டு அத்தெருக்கள் எரிந்தன. ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அந்நேரத்தில், இசைவு பெற்று, அக்கடை திறந்தே இருந்தது. கிளர்ச்சியாளருக்கும் அங்கேதான் உணவு. காவலருக்கும் தீயணைப்பாளருக்கும் அங்கேதான் உணவு. பின்னர் அவ்வட்டாரம் நலிந்தது. பல கடைகள் வெளியேறின. 1980-களில் நிலத்தடி ரயிலுக்காக அத்தெருவைத் தோண்டிப் போட்டனர். மெட்ரோ பள்ளத்தின் அருகே கடை நடத்துவது எத்தகைய துன்பம் என்பதை இந்நகரத்தாராகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? அப்போதும் அவர்கள் கடையை மூடிச் செல்லவில்லை. 1991-இல் ரயில் வந்தது, மக்களும் திரும்பினர். 2009 ஜனவரியில், பதவியேற்பதற்குச் சில நாட்களுக்கு முன், பராக் ஒபாமா அங்கே வந்து உண்டார். அவ்வாண்டு அக்டோபரில் பென் அலி மறைந்தார். அவரை டிரினிடாடுக்காரர் என்று அத்தெருவில் யாரும் பிரித்துப் பேசுவதில்லை. அவர் யூ தெருக்காரர்.

பெரியோர்களே, ஒரு நகரத்தின் சுவை எது என்று கேட்டால் அந்நகரத்தார் பெருமையுடன் கைகாட்டும் இக்கடைகள், அனைத்தும் இல்லையெனினும் பெரும்பாலானவை, வெளியிலிருந்து வந்தவர் அமைத்தவை. கொண்டுவந்ததை அவர்கள் விடவில்லை. ஆனால் அடுத்த வீட்டாரின் நாவையும் மதித்தார்கள். நல்ல நாளில் விற்றார்கள்; கெட்ட நாளில் ஓடாமல் நின்றார்கள். ஊர் அவர்களைத் தன்னவர் என்றது.

நம் பிள்ளைகளை இங்கே பள்ளியில், "நீ எந்த ஊர்?" என்று கேட்கின்றனர். விடுமுறைக்குச் சென்றால், தமிழ்நாட்டில் பாட்டி வீட்டுத் தெருவிலும் அதே கேள்வி. இரண்டு இடத்திலும் விடை சொல்லத் தயங்குகிற குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். என் பெயர்த்தியும் அவர்களுள் ஒருத்தி. அவர்களுள் சிலர் சேர்ந்து கேட்டதுதான் அந்தப் பனீர் தோசை. மாவு நம்முடையது, கல் நம்முடையது, உள்ளே வைத்தது இவ்வூருடையது. இரண்டும் எங்களுடையவை என்று அவர்கள் தட்டில் வைத்துச் சொன்னார்கள்.

அக்கூட்டத்தில் அது வேண்டாம் என்று முதலில் கை தூக்கியவன் நான் என்பதைச் செயற்குழுவினர் அறிவர். மாவை அரைக்கும் பக்குவத்தில் இன்றும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சிகாகோவுக்குத் தக்காளி சாஸ் எப்படியோ, எனக்குப் புளிக்காத மாவு அப்படி. ஆயினும் அன்று தூக்கிய கையை இன்று இறக்கிக்கொள்கிறேன். கூட்டம் முடிந்தபின் அந்தக் கடையில் வரிசை நிற்குமாயின், முதலில் நிற்பவன் நானாக இருப்பேன். என் பின்னால் நீங்களும் நிற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.