நகைச்சுவை மேடையில் விஞ்ஞானம்



மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்துக் கூறவந்த தொல்காப்பியர் நகையைத்தான் முதலில் வைத்தார். அந்த நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் அவரே சொல்கிறார். எள்ளல் ஒன்று. இளமை ஒன்று. பேதைமையும் மடனும் மற்றைய இரண்டு. இவற்றுக்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கங்கள் சுவையானவை. எள்ளல் என்பது இருவகைப்படும் என்கிறார் பேராசிரியர். பிறரை எள்ளி நாம் நகுவது ஒருவகை. பிறர் நம்மை எள்ளும்போது நாமும் சேர்ந்து நகுவது மற்றொரு வகை. பேதைமை அறியாமை. மடன் என்பதோ, ஒருவர் சொல்லிக்கொடுத்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றதைப் பின்னர் விடாமலே இருப்பது.

தமிழ் ஆசிரியனாகிய நான் இன்று பேச வந்திருப்பது விஞ்ஞானத்தைப் பற்றி. அப்படியிருக்க இலக்கணத்திலே ஏன் தொடங்கினேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. மேலைநாடுகளில் 'ஸ்ராண்ட்-அப் கொமெடி' என்றொரு கலைவடிவம் உண்டு. ஒருவர் தனியராக மேடையில் ஏறி, கையில் ஓர் ஒலிவாங்கியுடன் நின்றபடியே பேசிச் சபையைச் சிரிக்கவைப்பார். வேடம் இல்லை, காட்சி இல்லை, துணை நடிகர் இல்லை. நம்மவர் பேச்சில் சொன்னால், ஒற்றை ஆள் விடும் பகிடி. அரசியலையும் குடும்பத்தையும் வைத்து நடந்த இந்தக் கலையை விஞ்ஞானிகள் கையில் எடுத்திருக்கிறார்கள்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 2009ஆம் ஆண்டு 'பிறைற் கிளப்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. அங்கே பொதுமக்கள் தொடர்புக்குப் பொறுப்பாக இருந்த ஸ்ரீவ் குறொஸ் என்பவரின் எண்ணம் அது. ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர், கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்பவர், விரிவுரையாளர் என்று பலரையும் பிடித்து, சிறிது பயிற்சி கொடுத்து, மதுச்சாலை ஒன்றில் மேடையேற்றினார்கள். ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிடம் அளவில்தான். தமது ஆய்வைப் பற்றியே பேச வேண்டும். சபை சிரிக்கவும் வேண்டும். நிகழ்ச்சியை நடத்திச் செல்பவர் மட்டும் தொழில்முறை நகைச்சுவையாளர். பின்னர் மன்செஸ்ரர், எடின்பரோ முதலிய நகரங்களுக்கும் இது பரவியது. அதே 2009இல் பி.பி.சி. வானொலியில் பௌதிகவியலாளர் பிறையன் கொக்ஸும் நகைச்சுவையாளர் றொபின் இன்ஸும் சேர்ந்து 'த இன்ஃபினிற் மங்கி கேஜ்' என்ற விஞ்ஞான நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொடங்கினர்.

இதில் நான் கவனித்தது ஒன்று. இந்த மேடைகளில் ஆய்வாளர் பெரும்பாலும் தம்மையே பகிடி பண்ணுகிறார். மூன்று ஆண்டு முயன்றும் வராத முடிவு, ஆய்வுகூடத்தில் தப்பியோடிய எலி, 'நீ என்னதான் படிக்கிறாய்?' என்று ஒவ்வொரு நத்தாருக்கும் கேட்கும் பாட்டி. பேராசிரியர் சொன்ன இரண்டாவது வகை எள்ளல் இதுவே. முதல்வகை எள்ளலை எடுத்தால் காரியம் கெட்டுவிடும். நம் நாட்டிலேயே 2020 டிசெம்பரில், கொரோனாக் காலத்தில், கேகாலையில் ஒரு பாணி மருந்துக்காக ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள். அவர்களைக் கேலி செய்து எத்தனை பகிடிகள் வந்தன! வரிசையில் நின்றவர் எவராவது அவற்றைக் கேட்டு வீடு திரும்பியிருப்பார் என்று நான் நம்பவில்லை. அச்சத்தோடு நிற்பவனை நோக்கிச் சிரித்தால் அவன் இன்னும் நெருங்கித்தான் வரிசையில் நிற்பான்.

மடனுக்கு வருவோம். உயர்தர வகுப்பில் ஒருநாள், மார்கழி பற்றிய பாடல் ஒன்றைக் கற்பிக்கும்போது, 'மார்கழியிலும் தையிலும் ஏன் குளிர்கிறது?' என்று கேட்டேன். 'சூரியன் தூரத்துக்குப் போகுது சேர்' என்றார்கள் பலர். சிறுவயதில் யாரோ சொல்லிக்கொடுத்தது, பற்றிக்கொண்டது, விடவில்லை. உண்மையில் ஜனவரி முதல் வாரத்திலேதான் பூமி சூரியனுக்கு மிகக் கிட்டே வருகிறது. அப்போது தூரம் ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் கிலோமீற்றர். யூலையில் அது 15 கோடியே 20 இலட்சம். இதைச் சொன்னதும் பின்வாங்கில் இருந்த ஒருவன், 'அப்ப, சூரியன் கிட்ட வர வரத்தான் சேர் எங்களுக்குக் குளிருது!' என்றான். வகுப்பே சிரித்தது. சிரித்து முடிந்ததும் ஓர் அமைதி. பிறகு, 'அப்ப ஏன் சேர்?' என்று மூன்று நான்கு குரல்கள். பூமியின் அச்சு இருபத்துமூன்றரைப் பாகை சரிந்திருப்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே படித்தவர்கள்தான் அவர்கள். அன்றுதான் அந்தச் சரிவு அவர்களுக்குத் தேவைப்பட்டது.

ஆனால், சிரிப்பு எப்போதும் இப்படிக் கேள்வியில் கொண்டுபோய் விடும் என்று நம்பிவிடலாகாது. இதற்கு விஞ்ஞான வரலாற்றிலேயே ஒரு துயரக்கதை உண்டு. அந்தக் கதையும் சிரிப்பைப் பற்றியதே.

நைதரசு ஒட்சைட்டு என்பது சிரிப்பூட்டும் வாயு. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில் 1799இல் ஹம்ப்றி டேவி என்ற இளைஞர் இதைத் தாமே முகர்ந்து முகர்ந்து சோதித்தார். அவருடைய நண்பர்களான கவிஞர்கள் கோல்றிட்ஜும் சதேயும்கூட வந்து முகர்ந்தார்கள். (கவிஞர்களுக்குச் சோதனை என்றால் எப்போதும் பின்வாங்குவதில்லை.) 1800இல் டேவி எழுதிய நூலில், இவ்வாயு உடல் வலியைப் போக்குவதாகத் தெரிகிறது, அதிகம் இரத்தம் போகாத சத்திரசிகிச்சைகளில் பயன்படக்கூடும் என்று குறிப்பிட்டார். யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டது சிரிப்பைத்தான். 1802இல் ஜேம்ஸ் கில்றே என்ற புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர், இலண்டன் றோயல் நிறுவனத்தில் நடக்கும் வாயுச் செய்முறையொன்றை வரைந்தார். வாயுவை உறிஞ்சிய கனவான் ஒருவரின் பின்புறம் வெடிப்பதாகச் சித்திரம். துருத்தியும் கையுமாக டேவி பக்கத்தில் நிற்கிறார். ஊரே சிரித்திருக்கும். அதன் பின்னர் இந்த வாயு களியாட்ட மேடைகளின் சொத்தாயிற்று. காசு கொடுத்துப் போய், வாயு முகர்ந்தவர்கள் ஆடுவதையும் விழுவதையும் பார்த்துச் சனங்கள் சிரித்தார்கள். அந்தக் காலமெல்லாம் சத்திரசிகிச்சை எப்படி நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நோயாளியை நாலுபேர் அமுக்கிப் பிடிக்க, முழு நினைவோடு இருப்பவனின் காலை அறுத்தார்கள். வலியைத் தீர்க்கும் பொருள் பக்கத்துத் தெருவிலே, சிரிப்பு மேடையிலே, நாற்பத்துநான்கு ஆண்டுகள் கிடந்தது.

1844 டிசெம்பர் 10ஆம் திகதி. அமெரிக்காவில் ஹாட்ஃபட் என்ற நகரம். அப்படியான ஒரு வாயுக் களியாட்டம். வாயு முகர்ந்த ஒருவர் துள்ளியோடி, இருக்கையில் மோதிக் காலைக் காயப்படுத்திக்கொண்டார். இரத்தம் வடிகிறது, அவருக்கோ தெரியவில்லை. சபை சிரித்தது. சபையில் இருந்த ஹொறஸ் வெல்ஸ் என்ற பல்வைத்தியர் மட்டும் சிரிப்பை நிறுத்தி, 'உமக்கு நோகவில்லையா?' என்று கேட்டார். மறுநாளே அவ்வாயுவை முகர்ந்து, தமது கடைவாய்ப் பல்லையே பிடுங்குவித்துப் பார்த்தார். வலிக்கவில்லை. அடுத்த மாதம் பொஸ்ரன் நகரில் மருத்துவ மாணவர் முன்னிலையில் செய்துகாட்டப் போனார். வாயுவின் அளவு போதவில்லைப்போலும், பல் பிடுங்கப்பட்டவர் முனகினார். சபை மறுபடியும் சிரித்தது. இம்முறை அது எள்ளற் சிரிப்பு. 'புரட்டு' என்று கூவினார்கள். 1846இல் அதே பொஸ்ரனில் வேறொருவர் ஈதரைக் கொண்டு வென்று புகழ்பெற்றார். வெல்ஸ் மனம் குலைந்து, 1848இல் முப்பத்துமூன்று வயதில் மாண்டார். அமெரிக்கப் பல்வைத்தியர் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது 1864இல்.

இந்தக் கதையை நகைச்சுவை விஞ்ஞானிகள் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். சபை சிரித்ததா என்பதை மட்டும் கணக்கெடுத்தால், ஹாட்ஃபட் களியாட்டம் முதற்றரமான நிகழ்ச்சி.

சிரிப்புக்குப் பின் என்ன வரவேண்டும் என்பதைச் சரியாகப் பிடித்தவர்கள் 'இக் நோபெல்' பரிசுக்காரர். மார்க் ஏப்றகாம்ஸ் என்பவர் 1991இல் தொடக்கிய பரிசு இது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கே கொடுக்கப்படுவது. ஹாவாட் பல்கலைக்கழக மண்டபத்தில் நெடுங்காலம் நடந்த அவ்விழாவில், பரிசு பெற்றவர் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினால் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மேடைக்கு வந்து, தயவுசெய்து நிறுத்துங்கள், எனக்கு அலுப்பாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நிற்பாள். நம்முடைய விழாக்களுக்கு இப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் எவ்வளவு நன்று!

2002இல் இதன் கணிதப் பரிசு நமக்கு அயலான கேரளத்துக்குப் போயிற்று. கேரள விவசாயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீகுமாரும் நிர்மலனும் இந்திய யானையின் முழுத்தோற் பரப்பைக் கணக்கிட்டிருந்தார்கள். கேட்டவுடன் சிரிப்பு வரும். ஆனால் அவ்வளவு பெரிய உடல் தன் வெப்பத்தைத் தோலின் வழியேதான் பெரும்பாலும் வெளியேற்ற வேண்டும். எனவே தோல் எவ்வளவு என்பது யானையின் உயிர்நிலைக் கேள்வி. யானையைத் தோலுரித்து அளக்க முடியாது. உயரத்தையும் முன்னங்கால் அடியின் சுற்றளவையும் அளந்து, ஒரு சூத்திரத்தில் போட்டுவிடலாம் என்று காட்டினார்கள். பெரகராவில் யானையைக் காணும் நாம் இதை நினைத்துக்கொள்ளலாம். ஆந்திரே கெய்ம் என்பவர், வலிய காந்தப்புலத்தில் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்கவைத்ததற்காக 2000ஆம் ஆண்டில் இந்தச் சிரிப்புப் பரிசைப் பெற்றார். 2010இல் கிராபீன் ஆய்வுக்காக உண்மையான நோபெல் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

இனி நம் மொழிக்கு வருகிறேன். தமிழில் விஞ்ஞானம் இல்லாமலில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலே மருத்துவம் கற்பித்தார். கலைச்சொற்களையும் ஆக்கி வைத்திருக்கிறோம். எனக்குள்ள குறை வேறு. ஒளித்தொகுப்பு, மையநீக்கவிசை என்று விஞ்ஞானம் நமக்கு எழுத்துத் தமிழிலே வருகிறது. சிரிப்போ பேச்சுத் தமிழிலே வருகிறது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வெளிப்படும் மேடை நம்மிடம் அருமை. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அப்படி ஒரு மேடையை அமைத்தார். வில்லுப்பாட்டிலே வளர்ந்தவர் அவர். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அவர் நிகழ்த்தும் 'கிந்தனார்' கதாகாலட்சேபத்தை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறான். அதே படத்தில், பொத்தானைத் தட்டினால் உணவு வந்து நிற்கும் காலத்தைக் கனவு காணும் பாடலும் உண்டு. அது விஞ்ஞான விளக்கம் அல்ல, விஞ்ஞான ஆசைதான். ஆயினும் படிக்காதவனையும் ஆசைப்பட வைத்தது. யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் சின்னமணியின் வில்லிசையை விடிய விடியக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு மனிதன் இருந்து பேசிச் சிரிக்கவைப்பது புதியதா என்ன?

எங்கள் மாணவர்கள் இதைச் செய்து பார்த்ததைச் சொல்லி அமைகிறேன். 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவானது உங்களுக்குத் தெரியும். தேங்கிய நீரை ஊற்றிவிடுங்கள் என்ற சுவரொட்டி எங்கும் உண்டு. ஆனால் டெங்கு நுளம்பு, பாத்திரத்தின் உட்சுவரில், நீர் மட்டத்துக்குச் சற்று மேலேதான் முட்டைகளை ஒட்டிவிடுகிறது. அவை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே ஊற்றினால் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும். உயிரியல் ஆசிரியை இதைச் சொல்ல, மாணவர்கள் வில்லிசையாக்கினார்கள். பெண் நுளம்பாக வந்த பையன், இடுப்பில் கைவைத்து, 'தண்ணியைத்தானே ஊத்தினியள், என்ர பிள்ளையளின்ர தொட்டிலைத் தொடேல்லையே!' என்றபோது பெற்றோர் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நிகழ்ச்சி முடிந்து நன்றியுரைக்கு எழும் வேளை, ஒரு தாய் எழுந்து நின்று, 'தம்பி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால ஒரு தட்டு இருக்குதே, அதுக்குள்ளையும் தொட்டில் கட்டுமோ?' என்று கேட்டார். நுளம்புக்கு விடை தெரியவில்லை. உயிரியல் ஆசிரியைதான் மேடையேறி, 'கட்டும் அம்மா, அதையும் கழற்றித் தேய்க்க வேண்டும்' என்று சொல்ல நேர்ந்தது. அதன்பின் கேள்விகள் அரைமணி நேரம் நீண்டன. நன்றியுரையை அன்று யாரும் கேட்கவில்லை.