ஏறும்போதே இறங்குமிடம்: கார்த் தொழிலில் அரசின் பணம்



இன்றைய பேச்சுக்கான இரு சாட்சிகளைக் கொழும்பின் காலி வீதியிலேயே காணலாம். ஒன்று, பாட்டன் காலத்திலிருந்து இன்றும் ஓடும் மொரிஸ் மைனர். மற்றது மாருதி. மொரிஸ் வழிவந்த நிறுவனத்தைப் பிரித்தானிய அரசும், மாருதியை இந்திய அரசும் கையேற்றன. ஒன்று அழிந்தது, மற்றது தழைத்தது.

மொரிஸையும் உள்ளடக்கி 1968இல் உருவான பிரிட்டிஷ் லேலண்ட், 1974 முடிவில் கையில் காசின்றித் தவித்தது. அரசு நியமித்த ரைடர் குழுவின் அறிக்கையை ஏற்று 1975இல் அரசு அதனைத் தன்வசமாக்கியது. ஒஸ்டின், மொரிஸ், ட்ரையம்ப், ரோவர் எனத் தனக்குள்ளேயே போட்டியிட்ட பெயர்கள், ஓயாத வேலைநிறுத்தங்கள். பணம் உள்ளே போனது, பழக்கம் மாறவில்லை. 1988இல் 150 மில்லியன் பவுணுக்கு அது பிரிட்டிஷ் ஏரோஸ்பேசுக்குக் கைமாறியது. அதன் எச்சமான எம்.ஜி. ரோவர் 2005 ஏப்ரலில் முறிந்தபோது ஏறத்தாழ 6,000 பேர் வேலையிழந்தனர்.

மாருதியின் தொடக்கமும் நல்லதல்ல. 1971இல் சஞ்சய் காந்தி தொடங்கிய நிறுவனம், மக்கள் கார் என்ற வாக்குறுதியை நிறைவேற்றாமலே 1978இல் கலைப்புக்குச் சென்றது. 1980இல் அரசு கையேற்றபோது கிடைத்தவை குர்கானில் ஒரு காணியும் கொட்டகைகளும்தான். 1981இல் மாருதி உத்யோக் பிறந்தது. அதை நடத்த வந்தவர் தஞ்சைக் கிராமமொன்றில் பிறந்த வெ. கிருஷ்ணமூர்த்தி, பாரத மிகுமின் நிறுவனத்தை (பெல்) நிமிர்த்திய அனுபவம் உள்ளவர். கார் செய்யத் தெரியாது என்பதை அரசு ஒப்புக்கொண்டது. அங்கேதான் அதன் புத்தி இருந்தது. 1982 ஒக்டோபரில் சுசுக்கியுடன் ஒப்பந்தம். சுசுக்கிக்கு 26 வீதம், அரசுக்கு 74 வீதம். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 உரிமையாளர் கைக்குப் போனது.

மாருதிக்குச் சாதகங்கள் இருந்தன: இறக்குமதிக் கார்களுக்கு உயர்ந்த தீர்வை, போட்டிக்குப் பெரும்பாலும் அம்பாசடர், பத்மினி கார்கள்தான். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அரசு படிப்படியாக இறங்கியது. 2002இல் நிறுவனக் கட்டுப்பாட்டுக்கு ஈடாக 1,000 கோடி ரூபா மிகைவிலை பெற்றுப் பெரும்பான்மையைச் சுசுக்கிக்கு விட்டது. 2003இல் பங்குகளை மக்களுக்கு விற்றது. 2007இல் முழுவதும் வெளியேறியது.

அமெரிக்காவையும் பாருங்கள்: 2008-09இல் ஜெனரல் மோட்டர்ஸுக்கு 49.5 பில்லியன் டொலர் தந்த அரசு, 2013 டிசம்பரில் வெளியேறியபோது 10 பில்லியனுக்கு மேற்பட்ட தொகையை இழந்திருந்தது. அந்த நட்டம் தொழிலாளர் வேலைக்குக் கொடுத்த விலை என்று வாதிடலாம். எப்படியாயினும் அந்த நட்டத்துக்கு ஒரு முடிவு நாளாவது இருந்தது.

இனி நம் வீடான இலங்கைக்கு வருவோம். நம்மிடம் அரசு தாங்கும் கார் ஆலை இல்லை, ஸ்ரீலங்கன் என்ற விமான நிறுவனம் இருக்கிறது. 2008இல் எமிரேட்ஸ் அதன் நிர்வாகத்தை விட்டுப் போனது. 2010இல் எமிரேட்ஸிடமிருந்த 43.63 வீதப் பங்கை அரசு 53 மில்லியன் டொலருக்கு மீளப் பெற்றது. அதன்பின் ஸ்ரீலங்கன் பெரும்பாலான ஆண்டுகளில் நட்டமே கண்டது; சுமந்தது வரி கட்டும் நீங்களும் நானும்.

தள்ளாடும் நிறுவனத்துக்கு அரசு கைகொடுப்பது பாவமல்ல. ஆயினும் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறும் பிள்ளைகூட இறங்கும் தரிப்பிடத்தைச் சொல்லித்தான் சீட்டு வாங்கும். அடுத்த முறை ஓர் அமைச்சர் பொதுப் பணத்தை ஒரு நிறுவனத்தில் இடுவதாக அறிவித்தால், தொகையைக் கேட்குமுன் இறங்குமிடத்தைக் கேளுங்கள்.